ஒரு மூச்சில் நாற்பத்திரண்டு பேர்

தீ பெயர் கேட்கத் தொடங்கியது ஒரு மாசி மாதத்துத் திங்கட்கிழமை, பகல் பதினொரு மணிக்கு. அதற்கு முந்தின நாள் மத்தியானம் சண்முகக்கனி ஒரு நோட்டில் நாலு வரியை அடித்துவிட்டு வேறு நாலு வரி எழுதியிருந்தாள் என்பது ஊரில் நாலே பேருக்குத்தான் தெரியும், அந்த நாலு பேரும் வாயைத் திறக்கவில்லை.

பட்டாசும் தீப்பெட்டியும் தினசரிக் காலண்டரும் செய்து வயிறு வளர்க்கிற ஊர் அது. கனி அங்கே ஒரு லித்தோ ஆபீசில் அச்சுக்குப் பிளேட் போடுகிறவள். வயது நாற்பத்தொன்று, கல்யாணம் அமையவில்லை, அமையாததைப் பற்றி ஊருக்கு இருந்த கவலையில் கால்வாசிகூட அவளுக்கு இருந்ததில்லை. புருஷன் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்ட தங்கை பூரணமும் அவளும் ஒரே வீட்டில் ஒரே அடுப்பில் பொங்கித் தின்று, வாரம் ஆறு நாள் உழைத்து, ஏழாம் நாள் மத்தியானம் விளையாடினார்கள்.

விளையாட்டு என்றால் தாயமும் இல்லை, சீட்டும் இல்லை. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று தன் விளையாட்டுப் புத்தகத்தை அந்த ஆபீசில் அச்சடிக்கக் கொடுத்திருந்தது. பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருத்தர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, நான் குகைக்குள் போகிறேன், நான் கதவை உடைக்கிறேன் என்று வாயால் சொல்லியே விளையாட வேண்டும். கதவு உடைந்ததா இல்லையா என்ற சந்தேகத்தை இருபது முகம் உள்ள ஒரு பகடை தீர்த்துவைக்கும். மை அப்பி வீணாய்ப்போன தாள்களைக் கனி வீட்டுக்கு அள்ளிக்கொண்டு வந்து, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு படித்து, கிடைக்காத பக்கங்களுக்குத் தானே விதி எழுதி, தமிழில் ஒரு நோட்டாக ஆக்கிவிட்டாள். கதை நடத்துவது அவள். அதே ஆபீசில் கட்டிங் மிஷின் ஓட்டும் ஆசீர்வாதம் அண்ணாச்சி படைவீரன், பூரணம் ஏழு பெயர் வைத்துக்கொண்டு ஊரை ஏமாற்றும் ஒரு திருடி, பயராபீசில் லோடு ஏற்றும் ரெங்கராஜ் மந்திரவாதி. பட்டாசு ஆலையை அந்த ஊரில் பயராபீஸ் என்றுதான் சொல்வார்கள். உள்ளே நடப்பதற்கும் ஆபீசுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ரெங்கராஜ் ஒரு காலத்தில் மாவட்டக் கபடி அணியில் ஆடியவன், முட்டி போன பிறகு மூட்டை தூக்க வந்தவன். நோட்டின் முதல் பக்கத்தில் முதல் விதி இப்படி இருந்தது: எழுதிய விதியை மாற்ற வேண்டுமானால் நாலு கையும் ஒன்றாகத் தூக்க வேண்டும். நடு ஆட்டத்தில் யாரும் அழுகுணி ஆட்டம் ஆடக்கூடாது என்பதற்காகக் கனிதான் அதை எழுதினாள்.

வம்பு வந்தது மந்திரவாதியின் தீ மந்திரத்தால். புத்தகத்தில் இருந்தபடி, அவன் கையை நீட்டி ஒரு சொல் சொன்னால் நாற்பதடி வட்டத்துக்குத் தீப்பந்து விழும், உள்ளே நிற்கிற எல்லாம் வெந்துபோகும், எதிரி வேண்டியவன் என்ற பாகுபாடு கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ரெங்கராஜ் குகைக்குள் பத்தொன்பது ஓநாய்களைப் பார்த்துவிட்டு, திருடி உள்ளேதான் இருக்கிறாள் என்பதையும் மறந்து, கையை நீட்டிவிட்டான். எட்டு மாதம் பார்த்துப் பார்த்து வளர்த்த திருடி, ஏழு பெயர்களோடும் சேர்ந்து சாம்பலானாள்.

பூரணம் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். இரண்டு வாரம் அவனிடம் பேசவில்லை. அவனுக்கென்று வழக்கமாக எடுத்துவைக்கும் ஊறுகாய்ப் பாட்டிலையும் நிறுத்திவிட்டாள்.

“ஏ பூரணம், அது விளையாட்டு” என்றான் ரெங்கராஜ்.

“உள்ள நான் இருக்கேன்னு உங்களுக்குத் தெரியும்ல ரெங்கண்ணே? அப்பறம் என்ன விளையாட்டு?”

அதனால்தான் கனி அந்த மந்திரத்தைத் திருத்த உட்கார்ந்தாள், தங்கை மனசு ஆறட்டும் என்று. முதலில் வட்டத்தைப் பத்தடியாகச் சுருக்கினாள். ரெங்கராஜ் முகம் சுருங்கிவிட்டது. பிறகு வட்டத்தை விட்டுவிட்டுச் சூட்டைக் குறைத்தாள். “இத வச்சு பீடிதான் பத்தவைக்கலாம்” என்றான் அவன். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமைதான் அந்த வரி வந்து விழுந்தது: தீயின் முன்னால் நின்று யார் பெயரைச் சொல்கிறோமோ அவரைத் தீ தொடாது. எல்லோருக்கும் பிடித்தது. பூரணத்துக்கு ரொம்பப் பிடித்தது. கனிக்கு மட்டும் எங்கேயோ உப்புக் குறைந்த மாதிரி இருந்தது.

“எல்லார் பேரையும் சொல்லிட்டா அப்பறம் பயமே இல்லையே. பயம் இல்லாட்டி விளையாட்டு எதுக்கு?” என்று அவளேதான் கேட்டாள். அவளேதான் அடுத்த வரியையும் எழுதினாள்: ஒரு தீக்கு ஒரு மூச்சு, முதலில் வாய் திறக்கிறவரின் மூச்சு, அந்த மூச்சுக்குள் சொன்ன பெயர்கள் மட்டும்.

“மறுபடி திருடியா வந்தா எனக்கு ஏழு பேரு இருக்குமே, எதச் சொல்லுவாரு?” என்று கேட்டாள் பூரணம்.

“பெத்தவ வச்ச பேரு. வேஷப் பேரைத் தீ கேக்காது” என்றாள் கனி, அதையும் எழுதினாள். அப்படி எழுதியபோது அவளுக்குத் தன் கெட்டிக்காரத்தனத்தில் ஒரு சின்ன பெருமைகூட இருந்தது. நாலு கையும் உயர்ந்தன, பூரணத்தின் கை எல்லாவற்றுக்கும் மேலே. அன்று சாயங்காலமே ரெங்கராஜுக்கு ஊறுகாய்ப் பாட்டில் கிடைத்தது.

மறுநாள் பதினொரு மணிக்கு ரெங்கராஜ் வேலை செய்த பயராபீசில் வெடிமருந்து அடைக்கிற மூன்று ரூமை ஒரே தீ பற்றிக்கொண்டது. அவன் லாரிக்கும் ரூமுக்கும் நடுவில் நின்றான். உள்ளே பதினொரு பேர். ஓடவும் முடியாமல் நிற்கவும் முடியாமல், கபடிக் கோட்டைத் தாண்டுகிற மாதிரி ஒரே மூச்சில் பதினொரு பெயரையும் கத்தினான். தீயை விலக்கிக்கொண்டு, திரையை விலக்கிக்கொண்டு வருகிற மாதிரி, பதினொரு பெண்களும் வெளியே வந்தார்கள். சேலை நுனி கருகவில்லை, வைத்திருந்த கனகாம்பரம் வாடவில்லை. உள்ளே சாப்பாட்டுத் தூக்குகள் உருகி ஒழுகிப் போயிருந்தன. வந்தவர்கள் முதலில் கேட்டது, மத்தியானச் சோற்றுக்கு ஆபீசில் ஏதாவது ஏற்பாடு செய்வார்களா என்றுதான்.

ஏன் இப்படி ஆயிற்று என்று ஊர் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. ஒரு கட்சி, தங்கள் ஆட்சியின் சாதனை என்று மறுநாளே போஸ்டர் ஒட்டியது. அதன் மேல் இன்னொரு கட்சி, தாங்கள் எதிர்க்கட்சியாக இருந்தபோதே போராடிப் பெற்றது என்று ஒட்டியது. அம்மன் கோயிலில் பூசாரி, தான் கனவில் கண்டதாக மூன்று நாள் கழித்து ஞாபகப்படுத்திக்கொண்டார். ஒரே மாதத்தில் ஊர் அதைக் குழாயில் தண்ணீர் வருகிற நேரத்தைப் பழகிக்கொண்ட மாதிரி பழகிக்கொண்டது. அடுப்புப் பற்றவைக்கும் முன்னால் வீட்டில் உள்ளவர்களின் பெயரைச் சொல்வது வழக்கமாயிற்று, மருமகள் தன் பெயரைச் சொன்னாளா இல்லையா என்று மாமியார்கள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள், புருஷன் பெயரைச் சொல்லிப் பழகாத பெண்டாட்டிகளைக் கட்டியவர்கள் வெந்நீர் போடப்போய் விரலைச் சுட்டுக்கொண்டார்கள். சுடுகாட்டில்தான் சிக்கல் பெரிதாக வந்தது. ஒருத்தி தன் புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அழ, சிதை முழுக்க எரிந்து முடிந்தும் அவர் மட்டும் அப்படியே படுத்திருந்தார். மறுபடி விறகு அடுக்கி, அவள் வாயைப் பொத்திப் பிடித்துக்கொண்டு கொளுத்த வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு சுடுகாட்டு வாசலில், இங்கு பெயர் சொல்லி அழக்கூடாது என்று ஒரு போர்டு தொங்கியது. அண்ணே, அப்பா, ராசா என்று உறவை மட்டும் சொல்லி அழப் பெண்கள் பழகிக்கொண்டார்கள்.

பயராபீஸ்கள் எல்லாரையும்விட வேகமாகப் பழகிக்கொண்டன. மாவட்டத்தில் இருந்த கபடிக்காரர்களை எல்லாம் வேன் வைத்துக் கூட்டிவந்து, மூச்சாள் என்று ஒரு உத்தியோகம் கொடுத்து, ஆலை நடுவில் மேடை கட்டி நிறுத்தினார்கள். அந்த வருஷம் கபடிப் போட்டிக்கு ஊரில் இருந்து போன அணி பத்து நிமிஷத்தில் இரைத்துக்கொண்டு திரும்பிவந்தது. மேடை கட்டுவதற்கு மணல் வேண்டியிருந்தது, தீயணைக்கும் வாளிகளில் இருந்த மணலைக் கொட்டிக் கட்டினார்கள், காலி வாளிகளில் குரோட்டன்ஸ் செடி வைத்தார்கள். ஒரு ரூமுக்கு நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்பது சட்டம். தீதான் தொடாதே என்று ஆறு பேர், எட்டு பேர் உட்கார்ந்தார்கள். வேலை கேட்டு வருகிறவர்களிடம் கேட் வாசலிலேயே பெயரைக் கேட்டார்கள். மீனா, ராமு, ராணி உள்ளே போனார்கள். வெங்கடாசலபதியும் திரிபுரசுந்தரியும் வந்த வழியே திரும்பினார்கள். பிறக்கிற பிள்ளைகளுக்குப் பெற்றவர்கள் ஓரெழுத்தில் ஈரெழுத்தில் பெயர் வைத்தார்கள், பூ என்றொரு பெண்ணும் கோ என்றொரு பையனும் தெருவுக்குத் தெரு வளர ஆரம்பித்தார்கள்.

அப்புறம் ஒரு ஆலையில் தீ பிடித்து, மூச்சு நின்ற இடத்துக்குப் பின்னால் பெயர் இருந்த இரண்டு பேர் வெந்துபோனபோது, கணக்கெடுக்க வந்த அதிகாரியிடம் மேனேஜர், மூச்சாள் சொல்லி முடித்த பெயர்கள் மட்டும் இருந்த போர்டைக் காட்டினார். போர்டில் இருந்த எல்லோரும் வரிசையாக நின்றார்கள், ஒருவர்மேலும் ஒரு கொப்புளம் இல்லை. “தீ தொட்ருக்குன்னா அது எங்க ஆளு இல்லைங்க சார்” என்றார் மேனேஜர். அதிகாரி யோசித்துப் பார்த்தார். தீயே சாட்சி சொல்கிறது, அதை மறுத்து எழுத அவர் யார். அந்த ஆலைக்கு அந்த வருஷம் விபத்தில்லா ஆண்டு என்று ஒரு கேடயம் கொடுத்தார்கள். அடுத்த வருஷம் ஊரில் இருந்த எல்லா ஆலைக்கும் கேடயம் கிடைத்தது.

கனிக்கு அந்தக் கேடயங்களின் சான்றிதழ் பிளேட் போடுகிற வேலை வந்தது. ஒவ்வொரு பிளேட்டிலும் தங்க நிற எழுத்துக்கு இடம் விட்டு வைக்கும்போது, ஒரு தீக்கு ஒரு மூச்சு என்று எழுதிய கையை அவளுக்கு வெட்டிப் போடலாம் போல இருந்தது. ஆசீர்வாதம் அண்ணாச்சியிடம் ஒருநாள் சொன்னாள்.

“நீ எழுதாட்டி பதினொண்ணும் போயிருக்கும் கனி” என்றார் அவர், தாளை அடுக்கிக்கொண்டே. “அத நெனச்சுக்க.”

அவள் நினைத்துப் பார்த்தாள், ஆறவில்லை.

ரெங்கராஜ் ஊரிலேயே பெரிய மூச்சாள் ஆகியிருந்தான். மூன்று மாதம் பழகி, நாற்பத்திரண்டு பெயரை ஒரே மூச்சில், பாட்டு மாதிரி, எங்கே ஏற வேண்டும் எங்கே இறங்க வேண்டும் என்று கணக்காகச் சொல்லுவான். தினம் காலையில் எட்டு மணிக்கு ஒத்திகை. மேடைமேல் அவன் நிற்பான், கீழே மேனேஜர் கடிகாரத்தோடு நிற்பார், மற்ற எல்லோரும் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும். ஏனென்றால் தீ பிடித்த நேரத்தில் வேறு யாராவது முந்தி வாய் திறந்துவிட்டால் அந்தத் தீக்கு உண்டான மூச்சு அதோடு போயிற்று. அடியம்மா என்று ஒருத்தி அலறினால்கூடப் போயிற்று. அதனால் பெண்கள் வலது கையால் வாயைப் பொத்தி இறுக்கிப் பழகினார்கள்.

ஒரு பெயரை மாற்றினால் ரெங்கராஜின் பாட்டு தடுக்கியது. பொன்னுத்தாய் வேலையை விட்டு, செல்வி வந்தபோது, முப்பதாவது பெயரிலேயே அவனுக்கு மூச்சு முட்டிவிட்டது. மேனேஜர் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். பெயர்களை அப்படியே வைத்துக்கொள்வது, ஆட்களை மட்டும் மாற்றுவது. போர்டும் மாறாது, அரசாங்கத்துக்கு அனுப்பிய பட்டியலும் மாறாது, பாட்டும் மாறாது. செல்வியிடம், இனிமேல் நீ பொன்னுத்தாய் என்றார்கள். செல்வியும் பொன்னுத்தாய் என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டாள். ஊரே ஒரு பெயரில் கூப்பிட்டால் தீக்கு மட்டும் அது தெரியாமலா போய்விடும் என்று எல்லோரும் நம்பினார்கள். நாற்பத்திரண்டில் பதினேழு பெயர்கள் அப்படி ஆகியிருந்த சமயத்தில்தான், பூரணம் வேலை பார்த்த தீப்பெட்டி ஆபீசை மூடினார்கள். அவள் ரெங்கராஜின் பயராபீசுக்குப் போனாள். அங்கே முப்பத்தெட்டாவது பெயரான மாலதி, கல்யாணமாகிக் கோவில்பட்டிக்குப் போய்விட்டிருந்தாள்.

“தீபாவளி வரைக்குந்தான்க்கா” என்றாள் பூரணம்.

“வேஷப் பேரைத் தீ கேக்காதுடி. ஒனக்குத் தெரியாதா?”

“தெரியும். அதான் ஒங்கிட்ட வந்துருக்கேன். மூச்சு விதியை எடுத்துரு. எடுத்துட்டா ரெங்கண்ணன் போர்டுல இருக்க பேரையும் சொல்லட்டும், எங்க பேரையும் சொல்லட்டும், வெரசா வேண்டாம், உக்காந்து சொல்லட்டும்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை நாலு பேரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒன்றரை வருஷமாக அவர்கள் விளையாடவே இல்லை. பகடைமேல் தூசி படிந்திருந்தது. கனி நோட்டைத் திறந்து வரியைப் படித்தாள், அடித்துவிடலாமா என்று கேட்டாள், கையைத் தூக்கினாள். பூரணம் தூக்கினாள். ஆசீர்வாதம் அண்ணாச்சி, ஏசப்பா என்று சொல்லிக்கொண்டு தூக்கினார். ரெங்கராஜின் இரண்டு கையும் மேசைக்கு அடியிலேயே இருந்தன.

“ரெங்கராஜ்” என்றாள் கனி.

“கனியக்கா, மூச்சு வேண்டாம்னா மூச்சாள் எதுக்கு?” என்று அவன் தலை நிமிராமல் கேட்டான். “முட்டி போன ஆளுக்கா நான். மறுபடி மூட்டை தூக்கச் சொல்றீங்களா? இப்பத்தான் ஊர்ல நாலு பேரு அண்ணாச்சிங்கிறான். கல்யாணப் பேச்சு வந்துருக்கு.”

“பொம்பளைங்க சாகுறாங்கடா.”

“நம்ம ஆபீஸ்ல இதுவரைக்கும் ஒண்ணும் ஆகல.”

“அப்ப அந்த மாலதிங்கிற பேரையாவது மாத்திச் சொல்லு.”

“ஒண்ண மாத்துனா பதினேழும் வந்து நிக்கும்க்கா. பதினேழ மாத்துனா எனக்கு மூச்சு நிக்காது, உள்ளதும் போயிரும்.” பிறகு அவன் பூரணத்தின் பக்கம் திரும்பினான். குரல் உடைந்திருந்தது, அது நடிப்பில்லை, இதைக் கனி கடைசிவரை மறுத்ததில்லை. “ஒத்திகைலதான் மேனேஜர் நிப்பாரு. நெசமா தீ வந்தா எவன் நிக்கப் போறான்? அன்னிக்கு மாலதி எடத்துல ஒன் பேரைச் சொல்லிருவேன் பூரணம். ஒன் ஒரு பேரு எனக்குப் பாரமா? எங்கம்மா மேல சத்தியம்.”

 தூக்கிய கையை முதலில் இறக்கியது பூரணம்தான்.

“விடுக்கா, அவரு சொல்லிருவாரு” என்று சொல்லிவிட்டு, அடுப்படிக்குப் போய் ஊறுகாய்ப் பாட்டிலை எடுத்துவந்து அவன் முன்னால் வைத்தாள்.

தீபாவளிக்குப் பதினாறு நாள் இருந்தபோது, காலை பத்தரை மணிக்கு, பூரணம் இருந்த ரூம் பற்றிக்கொண்டது. உள்ளே ஆறு பேர் இருந்தார்கள். ஆறு பேரும் கத்தவில்லை, பழகினபடி வலது கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். ரெங்கராஜ் மேடைமேல் ஏறி நின்றான், மூச்சை இழுத்தான், ஒன்று முதல் நாற்பத்திரண்டு வரை சொன்னான். ஒரு பிசிறு இல்லை, அவன் வாழ்க்கையிலேயே அவ்வளவு சுத்தமாகச் சொன்னதில்லை என்று பிறகு மேனேஜரே சொன்னார். ஐந்து பெண்கள் சேலை கசங்காமல் வெளியே வந்தார்கள். அவர்களில் ஒருத்திதான் கனியிடம் வந்து சொன்னாள். முப்பத்தேழாவது பெயர்வரைக்கும் பூரணம் அவள் பக்கத்திலேயே நின்றாளாம். அடுத்தது தன்னுடையது என்று முகத்தைச் சத்தம் வந்த பக்கம் திருப்பி வைத்திருந்தாளாம். மாலதி என்று கேட்ட பிறகும் வாயில் இருந்து கையை எடுக்கவில்லையாம், அதற்குப் பின்னால் இன்னும் நாலு பேர் இருந்தார்களே என்று.

பூரணம் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கிடந்து போய்ச்சேர்ந்தாள். மூன்றாம் நாள் கனி பயராபீசுக்குப் போனாள். மேனேஜர் மரியாதையாக நாற்காலி போட்டு, குடிக்கக் கலர் வாங்கிக் கொடுத்து, குரலைத் தாழ்த்திப் பேசினார்.

“ரொம்ப வருத்தமா இருக்கும்மா. ஆனா அவங்க நம்ம ஆளு இல்லையே.”

“மூணு மாசமா ஒங்க வேன்லதான் வந்து போனா.”

“எங்க ஆளுன்னா தீ தொட்ருக்காதேம்மா. அந்த எடத்துல வேலை பாக்குறது மாலதி. கோவில்பட்டிக்கு போன் போட்டு விசாரிச்சாச்சு, மாலதி நல்லாருக்காங்க.”

கலர் பாட்டிலைத் திறக்காமல் வைத்துவிட்டு வந்தாள்.

தங்கள் குடும்பத்தில் பெண்கள் சுடுகாட்டுக்கு வரும் வழக்கமில்லை என்று சித்தப்பா மகன் தெருமுனையில் வழி மறித்துச் சொன்னான். கனி அவனைத் தாண்டி நடந்தாள், அவளைப் பிடித்து நிறுத்த யாருக்கும் துணிச்சல் வரவில்லை. விறகு அடுக்கியிருந்தார்கள். ஆசீர்வாதம் அண்ணாச்சி தோள் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றார். ரெங்கராஜ் இரண்டு நாள் தாடியோடு வந்து, கனிக்கு முன்னால் நின்று, இத்தனை பேர் பார்க்க, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி கையைத் தலைக்கு மேலே தூக்கினான்.

“தூக்கிட்டேன்க்கா. அடிச்சுருங்க அந்த வரிய.”

கனி அந்தக் கையைப் பார்த்தாள்.

“வாய்ல வந்துருச்சுக்கா” என்றான் அவன். “பூரணம் பூரணம்னு நெனச்சுக்கிட்டேதான் சொன்னேன். வாய் அதுபாட்டுக்கு மாலதின்னு சொல்லிட்டுப் போயிருச்சு. தெனம் சொல்லிச் சொல்லி... அம்மா மேல சத்தியமாக்கா.”

“நாலு கை வேணும்டா” என்றாள் கனி. “எண்ணிப் பாரு.”

அவன் எண்ணினான். அவனுடையது ஒன்று, அவளுடையது ஒன்று, அண்ணாச்சியுடையது ஒன்று. நாலாவது கை விறகுக்குள் இருந்தது. வரி அங்கேயேதான் இருக்கும், இனி ஊர் இருக்கிற காலமெல்லாம் இருக்கும். அது புரிந்தபோதும் அவன் கையை இறக்கவில்லை, எப்படி இறக்குவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

சித்தப்பா மகன் கொள்ளி வைத்தான். விறகு பற்றியதும் கனி தீயின் முன்னால் போய் நின்று, பஸ்ஸுக்கு ஓடினாலே இரைக்கிற அந்த நெஞ்சில் எவ்வளவு மூச்சுக் கொள்ளுமோ அவ்வளவையும் இழுத்து, பூரணம் பூரணம் பூரணம் என்று, ஒரே பெயரை, மூச்சு தீர்கிறவரைக்கும் சொன்னாள். தீ கேட்டது. விறகெல்லாம் எரிந்து தணிந்தது, பூரணத்தின்மேல் போர்த்தியிருந்த புதுச்சேலையில் ஒரு நூல் கருகவில்லை. சேலைக்கு அடியில் இருந்ததெல்லாம் ஏற்கெனவே கருகியதுதான். சுடுகாட்டில் எரிக்கிறவர் போர்டைக் காட்டிக் கும்பிட்டார். மறுபடி விறகு வந்தது, மறுபடி கொளுத்தினார்கள், மறுபடி அவள் முந்திக்கொண்டு சொன்னாள். மூன்றாம் தடவை கொளுத்தும்போது சித்தப்பா மகன் அவள் வாயைப் பொத்த வந்தான், அண்ணாச்சி குறுக்கே நின்றுகொண்டார். மூன்றாம் தடவையும் தீ பூரணத்தைத் தொடவில்லை. சுற்றி நின்ற அத்தனை ஆண்களும் அதைப் பார்த்தார்கள். பெயரைச் சொல்லியிருந்தால் இது இவளை விட்டிருக்கும் என்பதைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, நேரமாகிறது என்றார்கள். கடைசியில் குழி வெட்டிப் புதைத்தார்கள்.

ரெங்கராஜ் அதற்கு அடுத்த வாரம் வேலைக்குப் போனான். கல்யாணமும் நடந்தது. அந்த வருஷமும் அந்த ஆலைக்குக் கேடயம் கிடைத்தது, அதன் சான்றிதழுக்குப் பிளேட் போட்டது கனிதான். வேறு யாரிடமாவது கொடுக்கச் சொல்லலாமா என்று அண்ணாச்சி கேட்டதற்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

இப்போதும் காலையில் லித்தோ ஆபீஸ் போகும் வழியில் வேன் நிற்கிற இடத்தைத் தாண்டித்தான் அவள் போகிறாள். ஒருநாள் அங்கே புதிதாக ஒரு பெண், இருபத்தைந்து வயது இருக்கும், தூக்குவாளியோடு நின்றாள். கனி நின்று, அவள் பெயரைக் கேட்டாள்.

“மாலதிக்கா.”

“அது இல்லம்மா. பெத்தவ வச்ச பேரு?”

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேன் ஹாரன் அடித்தது.

“அது எதுக்குக்கா இங்க?” என்று சொல்லிக்கொண்டே அவள் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டாள்.